பரவியதா, பரப்பியதா, கட்டிவிட்டதா? முல்லைப் பெரியாறு குரல் பதிவு: ஒரு நிகழ்வு ஆய்வு

2018 ஆகஸ்டு 15 விடியும் முன்பே முல்லைப் பெரியாறு அணையின் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். தேனி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கூடலூரில் இதற்கெல்லாம் யாரும் அலறுவதில்லை. அணையின் நீர்மட்டம் எங்களுக்குத் தங்கம் விலை மாதிரி. பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தைப் புரட்டி, மட்டம் எத்தனை அடி, நீர்வரத்து எத்தனை கன அடி என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற செய்திக்குப் போவோம். அன்று மட்டம் 142 அடியைத் தொட்டது. உச்ச நீதிமன்றம் அனுமதித்த அளவு அது. மேற்கே மலை முழுக்க மேகம். எங்கள் பக்கம் வெறும் சாரல்தான், அந்தப் பக்கம் கேரளமே மூழ்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம் வண்டிப்பெரியாற்றிலிருந்து சித்தி போன் செய்தார். முப்பது வருடமாகத் தேயிலைத் தோட்ட லயத்தில் இருப்பவர். பேச்சில் பாதி மலையாளம் கலந்துவிடும்.

"தம்பி, அணை பொட்டப் போகுதாம்டா. இன்னும் கொஞ்ச நேரந்தானாம். இங்க எல்லாரும் பாத்திரம் பண்டத்தக் கட்டுறாங்க. நாங்க எங்கிட்டுப் போறது?"

யார் சொன்னது என்று கேட்டேன். "போன்ல வந்துச்சு, அனுப்புறேன் கேளு" என்றார். சிக்னல் விட்டு விட்டு வந்ததால் அது இறங்கவே பத்து நிமிடம் ஆனது. வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு. ஆண் குரல், மலையாளம். அணையில் விரிசல் விழுந்துவிட்டது, மேலிடத்தில் இருக்கும் நண்பர் சொன்னார், உடைய அதிக நேரம் ஆகாது, கிளம்புங்கள் என்று போகிறது பேச்சு. எந்த நண்பர், விரிசல் அணையின் எந்தப் பகுதியில், கண்ணால் பார்த்தது யார், ஒன்றும் இல்லை. ஆனால் குரலில் பயம் இருந்தது. அதைக் கேட்ட எனக்கும் வயிற்றைக் கலக்கியது என்பதை மறைக்க மாட்டேன்.

எதிர்வீட்டில் ஒரு மாமா இருந்தார். பொதுப்பணித் துறையில் மதகு பார்க்கும் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அணைக்குப் பலமுறை போய் வந்தவர். போனை அவர் காதருகே வைத்தேன். முழுதும் கேட்டார். மலையாளம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"மட்டம் எம்புட்டு?" என்றார்.

சொன்னேன்.

"அணைக்கு உள்ள கேலரின்னு ஒரு நடைவழி இருக்குல்ல, அங்க கசிவுத் தண்ணிய நிமிஷத்துக்கு எத்தன லிட்டருன்னு அளந்து எழுதுவாங்க. விரிசல்னா மொதல்ல அங்கதான் தெரியும். அளக்குற ஆளு அங்கயேதான் உக்காந்திருக்கான். அவன் ஓடலையே, இவரு எதுக்கு ஓடச் சொல்றாரு?"

இந்தக் கேள்வியை விடச் சிறந்த சரிபார்ப்பை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை. சித்தியிடம் அப்படியே சொன்னேன். அவர் நம்பினாரா என்றால், பாதி. அன்று இரவை மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில்தான் கழித்தார்.

அந்தக் குரல் பதிவு எர்ணாகுளம் வரை ஓடியது. முதலமைச்சர் பினராயி விஜயனே அணைக்கு ஆபத்து இல்லை, பொய்ச் செய்திகளை நம்பாதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. கேரளக் காவல்துறையின் சைபர் பிரிவு வழக்குப் பதிந்தது. அணை உடையவில்லை. இன்றும் நிற்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அணை இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். அதைப் பராமரிப்பது தமிழ்நாடு. தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே லோயர் கேம்ப்புக்கு இறங்கித் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று போகிறது. அணை உடைந்தால் தண்ணீர் இந்தப் பக்கம் வராது. ஆறு ஓடுவது மேற்கே. வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, உப்புதறை என்று அடித்துக்கொண்டு இடுக்கி நீர்த்தேக்கத்தில் போய் விழும். அங்கே வெள்ளம் என்றால் இங்கே வறட்சி. ஒரே அணையைப் பார்த்து இரண்டு பக்கமும் இரண்டு விதமாகப் பயப்படுகிறோம். இரண்டு பக்கமும் உறவு வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு பயமும் உண்டு.

வினைச்சொல்லில் இருக்கிறது விஷயம்

மறுநாள் செய்திகளில் எல்லாம் ஒரே வாக்கியம்: 'அணை குறித்து வதந்தி பரவியது.' பரவியது. தானாகவே பரவியதாம், அம்மை மாதிரி.

தமிழில் தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். திருந்தினான், திருத்தினான். உருண்டது, உருட்டினான். புரளி விஷயத்தில் இந்த இலக்கணம் கச்சிதமாகப் பொருந்துகிறது. புரளி கிளம்பியது, புரளியைக் கிளப்பினார்கள். செய்தி பரவியது, பரப்பினார்கள். பால் திரிந்தது, பாலைத் திரித்தார்கள். தன்வினையில் எழுதினால் ஆளே இல்லை. பிறவினையில் எழுதினால் ஓர் ஆள் வந்து நின்றாக வேண்டும். ஆங்கிலத்தில் தெரியாமல் சொல்லும் பொய்க்கு மிஸ்இன்ஃபர்மேஷன், தெரிந்தே கட்டும் பொய்க்கு டிஸ்இன்ஃபர்மேஷன் என்று இரண்டு சொல் வைத்துக்கொண்டு பிரிக்கிறார்களே, அந்தப் பிரிவுக்கான பாதி வேலையை நம் வினைச்சொல் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. நாம்தான் இரண்டுக்கும் சேர்த்து 'தவறான தகவல்' என்று எழுதிக் காரியத்தைக் கெடுக்கிறோம்.

பாதி வேலை என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் கதையே ஒன்று இருக்கிறது.

2011 டிசம்பர். முந்தின மாதம் இடுக்கியில் நில அதிர்வு, அணை உடைவது போன்ற கதையோடு ஒரு படம் வேறு வெளியாகிக் கேரளத்தில் பதற்றம். டிசம்பர் முதல் வாரம் மாநில எல்லையில் இருக்கும் குமுளியில் கைகலப்பாகி எல்லை அடைபட்டது. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்தார்கள். ஏலத் தோட்ட வேலைக்குத் தினமும் விடிகாலையில் ஜீப் ஏறி மலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் அன்று மேலேயே மாட்டிக்கொண்டார்கள். அப்போது கையில் இருந்தது பட்டன் போன், வாட்ஸப் எல்லாம் இல்லை. அதனால் புரளிக்குக் குறை வந்துவிட்டதா என்ன? பஸ் ஸ்டாண்டில் ஒருவர், நம்ம ஊர் ஜீப் ஒன்றைப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்களாம் என்றார். நான் வீட்டுக்குப் போகும் வழியில் மூன்று பேரிடம் சொன்னேன். 'தள்ளிவிட்டார்களாம்' என்று கேட்டதை 'தள்ளிவிட்டார்கள்' என்று சொன்னேன். ஒரு 'ஆம்' மட்டும்தான் வழியில் விழுந்துவிட்டது. சாயங்காலம் அந்த ஜீப் முழுசாக வந்து நின்றது. வழியில் கூட்டத்துக்குப் பயந்து ஒரு தோட்டத்துக்குள் வண்டியை ஓரங்கட்டி இருந்தார்களாம்.

அன்று நான் செய்தது பிறவினைதான். பரப்பினேன். ஆனால் பொய் என்று தெரிந்து பரப்பவில்லை. ஆகவே மூன்றாவது வினை ஒன்று தேவைப்படுகிறது, அதையும் ஊர்ப் பேச்சே வைத்திருக்கிறது: கதை கட்டிவிடுவது. பஸ் ஸ்டாண்டுக்காரரும் கட்டியவரா, என்னைப் போல் கேட்டுச் சொன்னவரா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. எங்கோ ஒருவர், இது நடக்கவில்லை என்று தெரிந்தே, நடந்ததாகக் கட்டிவிடுகிறார். மற்றவர்கள் நம்பிப் பரப்புகிறார்கள். செய்தித்தாளில் அது 'பரவியது' என்று வருகிறது. கட்டிவிட்டதற்குத்தான் டிஸ்இன்ஃபர்மேஷன் என்று பெயர். பரப்பியவர்கள் கையில் அதே பொய் மிஸ்இன்ஃபர்மேஷன் ஆகிவிடுகிறது. பொய் ஒன்றுதான், கைமாறக் கைமாறப் பெயர் மாறுகிறது.

கிளேர் வார்டில், ஹொசைன் தெராக்‌ஷான் என்ற இருவர் 2017-ல் ஐரோப்பிய கவுன்சிலுக்காக எழுதிய அறிக்கையில் இந்தப் பிரிவை வரையறுத்தார்கள். அவர்கள் மூன்றாவதாக மால்இன்ஃபர்மேஷன் என்று ஒன்றையும் சேர்த்தார்கள்: தகவல் உண்மைதான், ஆனால் கெடுதல் செய்வதற்காகவே வெளியே விடப்படுகிறது. ஒருவருடைய வீட்டு முகவரியைக் கோபத்தில் இருக்கும் கூட்டத்திடம் கொடுப்பது போல. 2011-ல் எல்லையில் எந்த வண்டி எந்த மாநில நம்பர் என்று எட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1923 மாஸ்கோ, 1983 டெல்லி

டிஸ்இன்ஃபர்மேஷன் என்ற சொல்லின் ஊர் ரஷ்யா. சோவியத் ரகசிய போலீஸான ஜி.பி.யு.வின் துணைத் தலைவர் யூசெப் உன்ஷ்லிக்ட், எதிரி உளவாளிகளுக்குப் பொய்த் தகவலை ஊட்டுவதற்கென்றே தனி அலுவலகம் வேண்டும் என்று யோசனை சொன்னார். 1923 ஜனவரியில் கட்சி மேலிடம் ஒப்புக்கொண்டது. 'தெஸின்ஃபர்மாத்ஸியா' என்பது அங்கே திட்டுச் சொல் இல்லை, ஓர் அலுவலகத்தின் வேலை. பொய்யை யாரும் அதற்கு முன் சொல்லவில்லையா? எங்கள் பாட்டி சொன்ன பாரதக் கதையில் துரோணரை வீழ்த்த அசுவத்தாமன் என்ற பெயருடைய யானையைக் கொன்றுவிட்டு 'அசுவத்தாமன் இறந்தான்' என்று கத்தினார்களே, அதுவும் இந்த வகைதான். பொய் சொல்லாதவன் என்று பேரெடுத்த தருமன் வாயால் அதைச் சொல்ல வைத்ததில்தான் சூட்சுமம். மாஸ்கோவில் புதிதாகச் சேர்ந்தது ஆபீஸ், ஆள், சம்பளம், கோப்பு. அந்தக் காலத்தில் 'டிரஸ்ட்' என்ற பெயரில் ஒரு பொய்யான எதிர்ப்பியக்கத்தையே நடத்தினார்கள். வெளிநாட்டில் இருந்த எதிரிகள் அதை நிஜம் என்று நம்பினார்கள். பிரிட்டனின் உளவாளி சிட்னி ரெய்லி அதை நம்பி 1925-ல் எல்லை தாண்டி வந்து மாட்டிக்கொண்டார்.

அறுபது வருடம் கழித்து அந்தக் கலை இந்தியாவுக்கு வந்த கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1983 ஜூலையில் டெல்லியிலிருந்து வெளிவந்த 'பேட்ரியாட்' நாளிதழில் ஒரு கடிதம். எழுதியவர் பெயர் இல்லை. அமெரிக்காவின் பிரபல விஞ்ஞானி என்று மட்டும். எய்ட்ஸ் நோயை அமெரிக்க ராணுவம் போர்ட் டெட்ரிக் ஆய்வுக்கூடத்தில் தயாரித்தது, அது இந்தியாவுக்கும் வரப்போகிறது என்பது சாரம். அப்போது இந்தியாவில் ஒரு நோயாளிகூடக் கண்டறியப்பட்டிருக்கவில்லை. மூன்று வருடம் கழித்து 1986-ல், நம் சென்னையில்தான், சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் நாட்டின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள்.

கடிதம் வந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு வருடம் அப்படியே கிடந்தது. 1985 அக்டோபர் 30-ல் மாஸ்கோவின் 'லிதரதூர்னயா கஸேத்தா' வார இதழ் அதே கதையை விரிவாக எழுதியது. ஆதாரம்? இந்தியாவின் நாளிதழ் ஒன்றில் வந்திருக்கிறதே! தான் விதைத்ததைத் தானே அறுத்து, 'பாருங்கள், வேற்று நாட்டில் விளைந்தது' என்று சந்தைக்குக் கொண்டு வந்தார்கள். அதற்கு முந்தின மாதமே சோவியத் உளவுத்துறையான கேஜிபி தன் பல்கேரியக் கூட்டாளிகளுக்கு இந்தப் பிரசாரம் பற்றித் தகவல் அனுப்பியிருந்தது. கிழக்கு ஜெர்மனியில் ஒரு ஓய்வு பெற்ற உயிரியல் பேராசிரியர் அதற்கு விஞ்ஞான உடை போட்டுவிட்டார். 1987-க்குள் எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில், முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அந்தக் கதை அச்சேறிவிட்டது. 1992-ல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் யெவ்கேனி பிரிமகோவ் அது தங்கள் ஆட்களின் கைவேலை என்று ஒப்புக்கொண்டார். கதை அதற்காக நின்றுவிடவில்லை. எய்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் செய்தது என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

அது ஏன் வேர் பிடித்தது? போர்ட் டெட்ரிக்கில் 1969 வரை உயிரி ஆயுத ஆராய்ச்சி உண்மையாகவே நடந்தது. அமெரிக்காவின் டஸ்கிகீ என்ற ஊரில் கறுப்பின ஆண்களுக்குச் சிபிலிஸ் இருப்பது தெரிந்தும் சிகிச்சை தராமல் பல வருடம் வேடிக்கை பார்த்தது அமெரிக்க அரசு. 1972-ல் அது வெளிவந்தது. ஏற்கெனவே ஒருமுறை ஏமாற்றப்பட்டவனிடம் போய், உன்னை மறுபடி ஏமாற்றுகிறார்கள் என்று சொன்னால் நம்பாமல் என்ன செய்வான்? கதை கட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். வெறுந்தரையில் அவன் விதைப்பதே இல்லை.

அணையில் விதை எது

இப்போது சித்தியின் போனுக்குத் திரும்புவோம். அந்தக் குரல் பதிவு எந்த ஈரத்தில் முளைத்தது?

முதல் ஈரம், வயது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரும் சென்னை மாகாண அரசும் 999 வருடத்துக்கு 8,000 ஏக்கர் குத்தகை போட்டுக் கட்டிய அணை, 1895-ல் முடிந்தது. சுண்ணாம்பும், செங்கல் பொடியான சுர்க்கியும், கருங்கல்லும். கல்லணை மாதிரிதானே என்று நாம் பெருமையாகச் சொல்வதை, கீழே குடியிருப்பவர் 'இத்தனை பழசா!' என்று கேட்பார்.

இரண்டாவது, 1979. அந்த வருடம் ஆகஸ்டு 11-ல் குஜராத்தில் மச்சு-2 அணை உடைந்து மோர்பி நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் கேரளத்தில் இந்த அணை பற்றிய பயம் பெரிதாக எழுந்தது. அந்த வருடக் கடைசியில், 152 அடி தேக்க வேண்டிய அணையில் 136 அடியோடு நிறுத்தினார்கள். பிறகு தலையில் கான்கிரீட் போட்டு, உள்ளே கம்பி வடம் இறக்கி நங்கூரமிட்டு, பின்னால் கான்கிரீட் சுவர் எழுப்பி அணையைப் பலப்படுத்தினார்கள். 2006 பிப்ரவரி 27-ல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. கேரளம் சட்டம் போட்டு 136-லேயே நிறுத்தியது. முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு ஆராய்ந்து அணை பாதுகாப்பாக இருக்கிறது என்றது. 2014 மே 7-ல் அந்தச் சட்டம் செல்லாது, 142 அடி தேக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. இத்தனை வழக்கு நடந்த அணையைப் பற்றிச் சாதாரண ஆளுக்கு என்ன தோன்றும்? நெருப்பில்லாமல் புகையுமா என்றுதான் தோன்றும்.

மூன்றாவது ஈரம் கசிவு. லஸ்கர் மாமா சொன்னது போல, அணை கசிகிறது என்பது உண்மை. கல் கட்டுமான அணை எல்லாமே கொஞ்சம் கசியும். அந்தக் கசிவை வடிக்கத்தான் உள்ளே கேலரி, அதை அளக்கத்தான் ஆள். கசிவு திடீரென்று கூடினாலோ, தண்ணீர் கலங்கி வந்தாலோதான் பிரச்சினை. ஆனால் 'அணையில் கசிவு' என்ற சாதாரண உண்மையை எடுத்து 'அணையில் விரிசல்' என்று ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். நான் 'ஆம்' விகுதியை விட்ட மாதிரிதான்.

நான்காவது, அந்த ஆகஸ்டு மாதமே ஒரு பெரிய ஈரம். 26 வருடத்துக்குப் பிறகு ஆகஸ்டு 9-ல் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை மதகைத் திறந்திருந்தார்கள். முல்லைப் பெரியாற்றைத் திறப்பதற்கு முன்பும் கரையோரம் இருந்தவர்களை வருவாய்த் துறையினர் உண்மையாகவே கிளம்பச் சொன்னார்கள். நிஜ எச்சரிக்கையின் முதுகில் ஏறிப் பொய் எச்சரிக்கை வந்தது. இதில் உள்ள கேடு பெரியது. சித்தி அடுத்த முறை 'கிளம்புங்கள்' என்று கேட்டால், சொல்வது தாசில்தாரா, முகம் தெரியாத குரலா என்று யோசிப்பதில் அரை மணி நேரம் போய்விடும். வெள்ளத்தில் அரை மணி நேரம் என்பது உயிர்.

அப்புறம் ஏன் குரல் பதிவு? எழுதிய செய்தியாக இருந்தால் வார்த்தையை இணையத்தில் தேடலாம், படமாக இருந்தால் எங்கே எப்போது எடுத்தது என்று துழாவலாம். குரலைத் தேட அன்று வழியில்லை. தவிர, எழுத்து அரசாங்கம் போலவும் குரல் பக்கத்து வீட்டுக்காரர் போலவும் ஒலிக்கிறது. படிக்கத் தெரியாத சித்தியின் மாமியாருக்கும் அது போய்ச் சேரும். இத்தனைக்கும் அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், குழந்தை கடத்தல் புரளியில் நாடு முழுக்க அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டதைப் பார்த்து, 'ஃபார்வர்டு' என்று முத்திரை காட்டவும், இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப முடியாமல் செய்யவும் வாட்ஸப் முடிவெடுத்திருந்தது. சித்திக்கு வந்ததில் அந்த முத்திரை இருந்ததா என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பயந்துபோனவன் முத்திரை பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

அதே ஆகஸ்டில் இன்னொன்றும் ஓடியது. ராணுவச் சீருடை போட்ட ஒருவர், மீட்புப் பணிக்கு ராணுவத்தை விடாமல் கேரள அரசு தடுக்கிறது என்று பேசும் வீடியோ. அவர் போலி என்று இந்திய ராணுவமே அறிவித்தது. அந்த அறிவிப்பில் பயன்படுத்திய சொல் டிஸ்இன்ஃபர்மேஷன். சரியான சொல்தான். சீருடையை யாரும் தெரியாமல், தவறுதலாகப் போட்டுக்கொள்ள முடியாதே! குரல் பதிவில் நோக்கம் மறைந்திருக்கிறது, கேட்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. வீடியோவில் நோக்கத்தைச் சட்டைப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

எதை இந்தப் பெயரால் கூப்பிடக் கூடாது

ஒரு விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அந்த ஆகஸ்டு மாதமே, முல்லைப் பெரியாற்றிலிருந்து தண்ணீரைத் திடீரென்று திறந்துவிட்டதும் வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று கேரள அரசு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. கம்பத்தில் டீக்கடைக்கு டீக்கடை இதைப் 'பொய்ப் பிரசாரம்' என்றார்கள். தமிழ்நாடு அரசு மறுத்தது. அடுத்த மாதம் மத்திய நீர்வள ஆணையத்தின் அறிக்கை வந்தது: ஜூன் 1 முதல் ஆகஸ்டு 19 வரை கேரளத்தில் பெய்ய வேண்டியது 1,649.5 மில்லிமீட்டர், பெய்ததோ 2,346.6, 42 சதவீதம் அதிகம், வெள்ளத்துக்குக் காரணம் மழைதான், அணைகள் அல்ல. எங்கள் பக்கத்து வாதம் வலுவானது, சந்தோஷம்.

ஆனால் பிரமாணப் பத்திரம் என்பது கையெழுத்துப் போட்டு, நீதிபதி முன் வைத்து, எதிர்த்தரப்பு கிழிக்கலாம் என்று தெரிந்தே சொல்லும் வாதம். அது தப்பாக இருக்கலாம், ஒருதலைப்பட்சமாக இருக்கலாம். அதைக் கதை கட்டுவதோடு சேர்க்க முடியாது. பிடிக்காத வாதத்தை எல்லாம் டிஸ்இன்ஃபர்மேஷன் என்று கூப்பிட ஆரம்பித்தால், சொல் தேய்ந்து வெறும் வசவாகிவிடும். அப்புறம் நிஜமான கதைகட்டியைக் கூப்பிட நம்மிடம் பெயர் இருக்காது.

இதற்கு நேரெதிராக, பிடித்த கதைகளை நாம் விட்டுவிடுகிறோம். அணையைக் கட்டிய பிரிட்டிஷ் பொறியாளர் பென்னிகுயிக், பணம் போதாமல் இங்கிலாந்தில் இருந்த தன் சொத்தை விற்றுக் கட்டினார் என்பது எங்கள் பள்ளத்தாக்கில் குழந்தைக்கும் தெரியும். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, பொங்கலுக்கு அவர் படத்துக்கு மாலை விழும், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைப்பவர்களும் உண்டு. கட்டியது சென்னை மாகாண அரசின் பணத்தில். சொத்து விற்ற கதைக்கு ஆவணம் எதையும் ஆய்வாளர்கள் காட்டியதில்லை. இதை ஊரில் சத்தமாகச் சொன்னால் அடி விழும், அது வேறு விஷயம். யாரையும் கெடுக்க அந்தக் கதையை யாரும் கட்டவில்லை. சோறு போட்டவனுக்கு நன்றி சொல்லத் தெரியாமல் சொன்ன நன்றி அது. ஆனால் 'நாங்கள் கேட்ட கதையில் பாதி இப்படித்தான்' என்று ஒப்புக்கொள்ளாமல் மலையாளிகளின் பயத்தை மட்டும் புரளி என்று சிரிப்பது நியாயமாகப் படவில்லை.

2021 அக்டோபரில் அணையை இடிக்கச் சொல்லி சமூக ஊடகங்களில் பெரிய பிரசாரம் நடந்தது. நடிகர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். தேனியில் அவர்களில் ஒருவரின் உருவபொம்மையை எரித்தார்கள். அப்போது சட்டசபையில் எழுந்து, அணைக்கு ஆபத்து எதுவும் இல்லை, வீண் பீதி கிளப்புகிறவர்கள் மீது நடவடிக்கை எடுப்போம் என்று சொன்னவர் கேரள முதலமைச்சரே. புது அணை வேண்டும் என்ற கோரிக்கையை அவர் அதற்காகக் கைவிடவும் இல்லை. கோரிக்கை வேறு, புரளி வேறு என்று பிரித்துப் பேச முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் ஓடியபோது, புரளிக்கு ஆளானவர்கள் இடத்தில் நாம் இருந்தோம். வேறு எங்கோ நடந்த அடிதடிகளை எடுத்துத் திருப்பூர் என்று பெயர் ஒட்டியிருந்தார்கள். 'தமிழ்நாட்டில் அப்படியெல்லாம் நடக்காது' என்று நாம் பதறிய பதற்றத்தை 2011-ல் குமுளிக்காரர்களும் பதறியிருப்பார்கள்.

2024 ஜூலை 30-ல் வயநாட்டில் மலை சரிந்தது. ஒரு வாரத்துக்குள் முல்லைப் பெரியாறு பற்றிய பேச்சு மறுபடி ஆரம்பமாகிவிட்டது. ஒரு நாள் இரவு பத்து மணிக்குச் சித்தியின் நம்பரிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. திறந்தேன். முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது, ஆறு வருடத்துக்கு முன் கேட்ட அதே மூச்சிரைப்பு. யாரோ பழையதைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். கூப்பிட்டேன்.

"இது அப்ப வந்ததுதான சித்தி?"

"எனக்குத் தெரியும்டா. நான் பயந்துக்கிட்டு அனுப்பல. எதிர்வீட்டு மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு, அந்த அளக்குற ஆளு அங்கதான் இருக்கானான்னு."

மாமா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் பேப்பரை எடுத்து அன்றைய மட்டத்தைப் படித்துக் காட்டினேன்.